சூயஸ் கால்வாயும் மருதானைக் கல்லூரியும்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் எங்களுடைய பழைய மாணவி ஒருத்தியின் வாப்பா அமெரிக்காவிலிருந்து அழைத்தார். களுபோவிலயில் எங்கள் பாடசாலைக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த குடும்பம். இடைவேளை நேரம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஆசிரியர் அறையில் மூன்று பேர் சேர்ந்து பேசினோம். சுகம் விசாரித்து முடிந்ததும் மனிதர் விஷயத்துக்கு வந்தார்.

"சேர், மகள் இங்க கம்யூனிட்டி கொலேஜ்ல சேர்ந்திருக்கா. நர்சிங் எடுக்கச் சொன்னேன், கேக்கல்ல. எக்கவுண்டிங் எடுக்கச் சொன்னேன், அதுவும் கேக்கல்ல. குளோபல் ஸ்டடீஸாம். உலகத்தப் படிக்கப் போறாவாம். உலகத்தப் படிச்சி என்ன செய்யிற சேர்? எங்கட ஆக்கள் யாராவது இப்பிடி ஒண்ட படிச்சிருக்காங்களா? நீங்க சொன்னா கேப்பா. ஒரு சொல் சொல்லுங்க."

அவருடைய கவலை நியாயமானது. ஊரைவிட்டுப் போய், இரண்டு வேலை செய்து, பிள்ளையைப் படிக்க வைக்கிறார். கேலி செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் மணி அடித்த பிறகும் எங்களை விடவில்லை. எங்கட ஆக்கள் யாராவது இப்படி ஒன்றைப் படித்திருக்கிறார்களா?

படித்திருக்கிறார்கள். அதற்காகவே ஒரு கல்லூரியும் கட்டியிருக்கிறார்கள். அதைத்தான் எழுத வந்தோம்.

முதலில் அந்தக் கம்யூனிட்டி கொலேஜ் என்பதைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு படி கீழே இருக்கிற இரண்டு வருடக் கல்லூரி அது. கட்டணம் குறைவு. வீட்டிலிருந்தே போய் வரலாம், பகலில் வேலை செய்கிறவர்கள் மாலையில் படிக்கலாம். இரண்டு வருடம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு. 1901இல் இலினோய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் ஆறே ஆறு மாணவர்களோடு தொடங்கிய வழக்கம் இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. தமிழில் ஊரார் கல்லூரி என்று சொன்னால் பொருந்தும். குளோபல் ஸ்டடீஸ் என்பது வரலாறு, புவியியல், பொருளாதாரம், அரசியல், ஒரு பிறமொழி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, ஓரிடத்தில் நடப்பது இன்னோரிடத்து மனிதனை எப்படித் தொடுகிறது என்று பார்க்கிற படிப்பு.

எங்களுடைய ஊரார் கல்லூரியின் கதை மருதானையில் தொடங்கவில்லை. அது தொடங்கியது சூயஸில்.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வருகிற கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்ற வேண்டிய தேவை இல்லாமல் போனது. அந்தப் புதிய பாதையில் நிலக்கரி ஏற்றவும் தண்ணீர் எடுக்கவும் கப்பல்களுக்கு நடுவழியில் ஒரு துறைமுகம் வேண்டும். 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1885இல் வேலை முடிந்தது. காலி பின்தங்கியது, கொழும்பு முன்னுக்கு வந்தது. புறக்கோட்டையில் எங்கள் மூத்தவர்கள் கடை விரித்ததும், மாணிக்கம் விற்றதும், கப்பலுக்குச் சாமான் ஏற்றியதும் இந்தப் பாதை கொண்டுவந்த வாழ்வுதான். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் மணலில் வெட்டிய ஒரு வாய்க்கால் எங்கள் வீட்டு அடுப்பை எரித்தது.

ஆனால் அதே வாய்க்கால் மிஸ்ர் நாட்டின் அடுப்பை அணைத்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று வாசியுங்கள். 2022ஐ மறக்காதவர்களுக்கு இது விளங்கும்.

மிஸ்ரை ஆண்ட கெதிவ் இஸ்மாயில் நாட்டை ஐரோப்பா போல ஆக்கப் போகிறேன் என்று கடன் வாங்கினார். ரயில் பாதை, மாளிகை, கால்வாய்த் திறப்பு விழா, எல்லாம் கடன். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் மிஸ்ரின் பருத்திக்கு நல்ல விலை கிடைத்தது. போர் முடிய விலை விழுந்தது. கடன் மட்டும் நின்றது. 1875இல் சூயஸ் கம்பனியில் தன்னிடமிருந்த பங்குகளைச் சுமார் 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானியாவிடம் விற்றார். அதுவும் போதவில்லை. 1876இல் கடன் கட்ட முடியாது என்ற நிலை வந்தது. உடனே ஓர் ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் மிஸ்ரின் வரவு செலவைப் பார்க்கும் கதிரையில் வந்து உட்கார்ந்தார்கள். செலவைக் குறை என்றார்கள். சிப்பாய்களுக்குச் சம்பளம் இல்லாமல் போனது, அதிகாரிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அப்போது எழுந்து நின்றவர்தான் கேர்ணல் அஹ்மத் ஒராபி. பாஷா பரம்பரையில் பிறந்தவர் அல்ல, நைல் கழிமுகத்தில் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. மிஸ்ர் மிஸ்ரியருக்கே என்ற குரல் அவர் பின்னால் திரண்டது. 1882 ஜூலையில் பிரித்தானியக் கப்பல்கள் அலெக்ஸாந்திரியாவைக் குண்டு வீசித் தகர்த்தன. செப்டெம்பர் 13ஆம் திகதி தெல் எல் கெபீர் என்ற இடத்தில் ஒராபியின் படை தோற்றது. மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. எங்கே அனுப்புவது? ஸரந்தீபுக்கு அனுப்புங்கள் என்றார்கள். 1883 ஜனவரியில் ஒராபியும் இன்னும் ஆறு பாஷாமாரும் குடும்பத்தோடு கொழும்பில் இறங்கினார்கள்.

பிரித்தானியா அவர்களை இங்கே அனுப்பியது மறைத்து வைக்க. நடந்தது வேறு. அவர்களைப் பார்க்கத் துறைமுகத்தில் எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டார்கள்.

அந்தக் கூட்டத்தின் மனதைத் தயார் செய்தவர்களில் ஒருவர் கண்டியில் பிறந்த அறிஞர் முஹம்மது காசிம் சித்தி லெப்பை. தொழிலால் சட்டத்தரணி. பாஷாமார் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1882 டிசம்பரில்தான் அவர் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் சமூகத்தில் பலர் பிள்ளைகளை ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் மதம் மாற்றிவிடுவார்கள் என்ற பயம். மிஷன் பாடசாலைகள் பலவற்றின் நோக்கத்தைப் பார்த்தால் அந்தப் பயத்தை முழுப் பிழை என்றும் சொல்ல முடியாது. ஆனால் பயந்து வீட்டில் இருந்த பிள்ளைக்கு உலகம் தெரியாமல் போனது. சித்தி லெப்பை செய்த முதல் வேலை, உலகத்தைத் தமிழில் வீட்டுக்குள் கொண்டுவந்தது. மிஸ்ரில், துருக்கியில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கடைக்கார வாப்பா தன் கடையில் உட்கார்ந்து தமிழில் வாசிக்க முடிந்தது.

1885இல் அவர் எழுதிய 'அஸன்பேயுடைய கதை' இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல். பிள்ளைகளிடம் பரீட்சைக்காக இதைக் கேட்போம், அவர்களும் பெயரையும் வருடத்தையும் ஒப்புவிப்பார்கள். ஆனால் அந்தக் கதை எங்கே நடக்கிறது என்று கேட்டால் பதில் வராது. மிஸ்ரில் பிறந்த ஒரு குழந்தை கடத்தப்பட்டு பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு, வளர்ந்து கல்கத்தா போய், கடைசியில் தன் வேரைத் தேடி மிஸ்ருக்கே திரும்புகிற கதை அது. நமது முதல் நாவலின் கதாநாயகன் கப்பலில் போய்வந்தவன். ஊர்க் கிணற்றைச் சுற்றிவந்தவன் அல்ல.

பத்திரிகை போதாது, பள்ளிக்கூடம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 1884இல் புதுக்கடைப் பக்கம், புதிய சோனகத் தெருவில் ஒன்றைத் தொடங்கினார். ஆதரவில்லாமல் அது நின்றுபோனது. இதை நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இன்று சித்தி லெப்பை பெயரில் மண்டபம் வைக்கிற நாம்தான் அன்று அவருடைய பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பாமல் விட்டோம்.

அவர் விடவில்லை. ஒராபி பாஷா கூட இருந்தார். தோற்றுப்போன ஒரு நாட்டின் தலைவர், அறிவில்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதைத் தன் கண்ணால் பார்த்தவர், வேற்று ஊர்ப் பிள்ளைகளுக்காக மன்றாடினார். வாப்பிச்சி மரிக்கார் கை கொடுத்தார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய அதே மரிக்கார். கட்டி முடித்ததும் உனக்கு என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமையில் நூதனசாலையை மூடிவிடுங்கள் என்று அவர் கேட்டதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். (வெள்ளவத்தையில் ஒரு திருமண வீட்டில் இதைச் சொன்னபோது ஒரு காக்கா, "வேற ஒண்டும் கேக்கத் தெரியல்லயா அவருக்கு?" என்றார். அப்படி ஒரு மனிதர் அவர்.) 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலோடு அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. அரசாங்கம் கொடுத்ததல்ல. ஊர் கொடுத்த காசு, ஊர் கொடுத்த பிள்ளைகள். ஊரார் கல்லூரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சித்தி லெப்பை பெண் பிள்ளைகளையும் விடவில்லை. கண்டியில் அவர்களுக்கென்றும் பாடசாலை தொடங்கினார். வாப்பிச்சி மரிக்காரின் பேரன் சேர் ராஸிக் பரீத் 1946இல் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரியைத் தொடங்கினார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் காலையில் வேனில் போய் இறங்குவது அங்கேதான். "பொம்பளப் புள்ளைக்கு உலக அரசியல் எதுக்கு" என்று கேட்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

பாஷாமார் கொண்டுவந்தவற்றில் நமக்கு நன்றாக ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு, துருக்கித் தொப்பி. அதற்காக நாம் போராடவும் செய்தோம். 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் தொப்பியோடு உயர்நீதிமன்றத்தில் நிற்கக் கூடாது என்று பிரதம நீதியரசர் சொல்ல, அந்த வருடத்துக் கடைசி நாளில் மருதானைப் பள்ளிவாசல் முன்றலில் நாட்டின் நாலா பக்கமிருந்தும் மக்கள் கூடினார்கள். அந்த உரிமை கிடைத்தது. நல்ல விஷயம், மான விஷயம். ஆனால் 1925இல் துருக்கியே அந்தத் தொப்பியைச் சட்டம் போட்டுத் தடைசெய்தது. அதற்குப் பிறகும் பல வருடம் எங்கள் மாப்பிள்ளைமார் அதைப் போட்டுக்கொண்டுதான் நிக்காஹ் மேடையில் உட்கார்ந்தார்கள். அங்கே ஏன் தடுத்தார்கள், கிலாபத் ஏன் முடிந்தது, இங்கே அது என்ன பொருளில் தொடர்கிறது என்ற பேச்சு மட்டும் வீடுகளில் இல்லை.

பாஷாமாரோடு வந்த இன்னொன்றை நாம் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஏழு பேரில் மஹ்மூத் பஹ்மி பாஷா என்று ஒருவர். பொறியியலாளர், கோட்டை அரண் கட்டுவதில் கெட்டிக்காரர். நாடு கடத்தப்பட்ட அந்த மனிதர் இங்கே இருந்துகொண்டு அரபியில் உலக வரலாறு எழுதினார். 'அல் பஹ்ருஸ் ஸாகிர்', பொங்கும் கடல் என்று பொருள். நாலு பாகம். 1894இல் நாடு திரும்பாமலே இங்கேயே மௌத்தானார். அந்தப் புத்தகம் மிஸ்ரில் அச்சானது. நினைத்துப் பாருங்கள். தோற்று, நாடிழந்து, திரும்பிப் போவோம் என்ற நம்பிக்கையில்லாமல் இலங்கை மழையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், என் நாட்டுக்கு ஏன் இப்படி நடந்தது என்று கேட்க உட்கார்ந்து, முழு உலகத்தின் கதையையும் எழுதவேண்டி வந்தது. ஒரு நாட்டின் கதையை அந்த நாட்டை மட்டும் வைத்து எழுத முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களில் ஒருவர் அதைத் தமிழாக்கம் செய்து எங்கள் பிள்ளைகளின் கையில் கொடுத்ததை நாங்கள் காணவில்லை. தொப்பி மட்டும் தலையில் இருந்தது.

அந்தக் கல்லூரி தளர்ந்திருந்த காலத்தில், 1921இல் ரி.பி. ஜாயா அதிபராக வந்தார். கலகெதரயில் பிறந்த மலாய் சமூகத்தவர், அதற்கு முன் ஆனந்தாக் கல்லூரியில் படிப்பித்தவர். 27 வருடம் ஸாஹிராவை நடத்தினார். பிறகு சுதந்திர இலங்கையின் உயர் ஸ்தானிகராகப் பாகிஸ்தானுக்குப் போனார். வகுப்பறையிலிருந்து வெளிநாட்டு விவகாரம் வரை நடந்துபோனவர் என்று சொல்லலாம்.

அவருக்குப் பின் 1948இல் வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். எங்களுக்கு மிக நெருக்கமானவர் இவர்தான். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, இந்துப் பிள்ளைகளோடு யாழ் இந்துக் கல்லூரியில் படித்து, வரலாற்றில் பட்டம் எடுத்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அந்தப் பதவியின் மதிப்பு இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. அன்று அது கிடைத்தால் குடும்பமே மூன்று தலைமுறைக்குப் பெருமை பேசும். அதை விட்டுவிட்டு ஒரு பாடசாலைக்கு வந்தார். அவருடைய வாப்பாவும் சொந்தக்காரர்களும் அன்று என்ன சொல்லியிருப்பார்கள் என்று எங்களுக்கு ஊகிக்க முடிகிறது, அமெரிக்காவிலிருந்து வந்த அழைப்பைக் கேட்ட பிறகு.

1945இலேயே அவர் முஸ்லிம் மாணவருக்கான புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கியிருந்தார். காசில்லாத பிள்ளை பல்கலைக்கழகத்தில் கால் வைக்க அது வழியாக இருந்தது. அவர் காலத்து ஸாஹிராவில் தமிழ் படிப்பித்தவர்களில் ஒருவர் பின்னாளில் உலகம் அறிந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி. ஸாஹிராவிலேயே படித்தவரும்கூட. முஸ்லிம் கல்லூரி என்றால் முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அஸீஸ் நினைக்கவில்லை. 1961இல் விலகிய பிறகும் அவர் ஓயவில்லை. மிஸ்ருக்கும் ஆபிரிக்காவுக்கும் போய்வந்ததைத் தமிழில் எழுதினார். 'மிஸ்ரின் வசியம்', 'கிழக்காபிரிக்கக் காட்சிகள்', 'ஆபிரிக்க அனுபவங்கள்' என்று 1960களின் பிற்பகுதியில் அடுத்தடுத்துப் புத்தகங்கள் வந்தன. விடுதலை பெற்ற ஆபிரிக்க நாடுகளைப் பற்றி ஒரு கொழும்பு முஸ்லிம், கொழும்புத் தமிழ் வாசகருக்கு எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பாடத்திட்டத்தில் ஆபிரிக்கா இருக்குமென்றால், அவளுக்கு முன்னமே ஒரு மூத்தவர் அந்தப் பாடத்தை எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லவேண்டும். வாப்பாமாரை மட்டும் குற்றம் சொன்னால் அது நேர்மை இல்லை.

2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. அச்சடிக்கக் காகிதம் இல்லை. காகிதம் இறக்க டொலர் இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. களுபோவிலயில் காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு மக்கள் சஹருக்கு வீட்டுக்குப் போய்வந்த நோன்பு அது. அந்த நாட்களில் தரம் பத்தில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "சேர், நாங்க யாருக்குக் கடன்?"

நாங்கள் தடுமாறினோம். சீனா, ஐ.எம்.எப். என்று ஏதோ சொன்னோம். 2007இலிருந்து நாடு டொலரில் விற்றுவந்த பிணைமுறிகளைப் பற்றி எங்களுக்கே ஒழுங்காகத் தெரியாது. ஆனால் 1876இல் மிஸ்ருக்கு நடந்ததைப் படித்திருந்தால், அதைக் கரும்பலகையில் ஒரு பக்கம் எழுதி, 2022ஐ மறுபக்கம் எழுதி, எங்கே ஒன்று, எங்கே வேறு என்று அந்தப் பையனோடு சேர்ந்து பார்த்திருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. இங்கே போர்க் கப்பல் வரவில்லை. ஆனால் உன் வரவு செலவை இன்னொருவர் பார்க்க வருவது எப்படி ஆரம்பிக்கிறது என்ற கேள்வி ஒன்றுதான். ஒராபி பாஷா எங்கள் பாடப் புத்தகத்தில் ஸாஹிராவைத் திறக்க உதவிய ஒரு நல்ல மனிதராக மட்டும் நிற்கிறார். கடனுக்கு எதிராக எழுந்தவர் என்பதை நாங்கள் படிப்பிக்கவில்லை.

இன்றும் ஓ.எல்லில் வரலாறு கட்டாயம், புவியியல் தொகுதிப் பாடம், எடுத்தாலும் எடுக்கலாம் விட்டாலும் விடலாம். ஏ.எல்லில் கலைப் பிரிவு என்றால் மற்றதெல்லாம் கிடைக்காதவர்களுக்கு என்ற பேச்சு. அரசறிவியல், புவியியல், இஸ்லாமிய நாகரிகம் என்று எடுத்த கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து அனுதாபப்படுகிற பெற்றோரை நாங்கள் கண்டிருக்கிறோம். வெளிநாடு போக வசதியில்லாத பிள்ளைகளுக்கும் ஒரு தகவல்: பௌத்தாலோக மாவத்தையில் பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கைகள் நிலையம் 1974இலிருந்து இருக்கிறது. சர்வதேச உறவுகளில் டிப்ளோமா படிக்கலாம். களுபோவிலயிலிருந்து தூரமில்லை.

அந்த வாப்பாவிடம் இவ்வளவையும் போனில் சொல்ல முடியவில்லை. பாதியில் மணி அடித்தது. பிறகு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக நாலு துண்டு அனுப்பினோம். மகளிடம் ஒன்று மட்டும் சொன்னோம்: இரண்டு வருடம் முடிய எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பாடத்துக்கு மாறுவாய் என்பதை முதல் தவணையிலேயே ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிக்கொள், ஒரு மொழியையும் புள்ளிவிபரத்தையும் விடாதே, வாப்பாவின் பயத்துக்கு அதுதான் பதில். அரபியைத் தொடரப் போவதாகச் சொன்னாள். வாப்பாவிடமிருந்து இரண்டு நாள் கழித்து ஒரே வரி வந்தது: "சேர், அந்த பாஷாட கடன் கதைய இன்னொருக்கா அனுப்புங்க, கேட்டுட்டு இருக்கக்குள்ள அழிஞ்சி போச்சி."

அடுத்த விடுமுறையில் தரம் பத்து, பதினொன்று பிள்ளைகளைக் கண்டிக்கு, ஹல்லொலுவ வீதியில் ஒராபி பாஷா இருந்த வீட்டுக்கு அழைத்துப்போக யோசித்திருக்கிறோம். பாஷா வந்து 100 வருடம் ஆனபோது அதை நினைவில்லமாக ஆக்கினார்கள். பஸ் ஒன்று தேவை. பகல் சாப்பாட்டைப் பொறுப்பெடுக்கக்கூடியவர்கள் பாடசாலை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். அஸீஸின் ஆபிரிக்கப் புத்தகங்கள் எவருடைய வீட்டு அலுமாரியிலாவது கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் எங்களிடம் ஒரு சொல் சொல்லுங்கள்.